சத்தமாகப் பேசச் சொல்லுங்கள்: தூர்தர்ஷன் காலமும் நமது எழுத்தும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் பெயரால் நடக்கும் சொற்பொழிவில் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சில தோழர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். பண்டிதர் மறைந்தது 1914 மே 5ஆம் நாள். இந்தியாவில் சோதனை முறையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1959 செப்டம்பர் 15 அன்று. இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தைந்து ஆண்டுகள் இருக்கின்றன. ஆனாலும் இரண்டையும் ஒரே நூலில் கோர்க்க முடியும் என்று நினைக்கிறேன். பேசுகிறவர் ஒரு பக்கம், கேட்கிறவர் மறுபக்கம் என்று இருக்கும் இடத்தில், கேட்கிறவர் எப்போது வாய் திறக்கிறார் என்பதுதான் அந்த நூல்.

நம்முடைய எழுத்தின் வரலாற்றைச் சொல்லும்போது இயக்கங்களைச் சொல்கிறோம், இதழ்களைச் சொல்கிறோம், அம்பேத்கர் நூற்றாண்டைச் சொல்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் எண்பதுகளில் பள்ளிப் பிள்ளைகளாக இருந்த எங்கள் தலைமுறையில் பலருக்கு, வீட்டில் புத்தகம் கிடையாது, ஊர் நூலகத்துக்குள் கூச்சமில்லாமல் நுழையவும் முடியாது. ‘நின்று யோசித்துச் சொல்வது’ என்று ஒரு காரியம் உண்டு என்பதை எங்களுக்கு முதலில் காட்டியது எது? சங்கடமான பதில்தான். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று பார்த்த தொலைக்காட்சிப் பெட்டி. அந்தப் பதிலையும் வரலாற்றில் எழுதவேண்டும் என்பதே என் வாதம்.

கேட்டவர்களுக்குப் பதில் எழுதிய இதழ்

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அதன் பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. பண்டிதர் மறையும்வரை அதை நடத்தினார். பௌத்தம், சாதியின் தோற்றம், பண்டிகைகளின் பழைய பொருள், சுதேசி அரசியலின் பொய்மை என்று அதில் அவர் எழுதியவை நமக்கு இப்போது பாடங்களாகிவிட்டன. நான் கவனிக்கச் சொல்வது இன்னொன்றை. வாசகர்கள் அவருக்குக் கேள்வி அனுப்பினார்கள். அவர் பதில் எழுதினார். சென்னையிலிருந்து மட்டுமா? கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கூலிகளாகப் போனவர்கள் எல்லாம் அந்த இதழின் வாசகர்கள்.

ஒருவர் கேள்வி எழுதவேண்டுமானால் முதலில் என்ன நடக்கவேண்டும்? தன் வாழ்க்கையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கவேண்டும். ‘எங்களை ஏன் இப்படி அழைக்கிறார்கள்?’ என்று எழுதும் மனிதர், அந்தப் பெயரை அதுவரை சுமந்தவர் மட்டுமாக இருந்தார். எழுதிய கணத்தில் அதை ஆராய்கிறவராகவும் ஆகிவிட்டார். பண்டிதரின் இதழ் வாசகர்களுக்குச் செய்தி கொடுத்தது, வாதம் கொடுத்தது. அவற்றோடு, கேள்வி கேட்பதற்கு ஒரு முகவரியும் கொடுத்தது. எழுதினால் வாசிப்பதற்கு ஒருவர் அங்கே இருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் எழுதுவதில்லை.

பண்டிதருக்குப் பின் அந்த முகவரி நமக்கு எளிதில் கிடைக்கவில்லை. பொது இதழ்களின் வாசகர் கடிதப் பகுதிகள் இருந்தன. அங்கே எழுத ஒரு மொழி வேண்டியிருந்தது. அந்த மொழி நம் தெருவில் பேசும் மொழி இல்லை. அப்படியிருக்கையில்தான் எண்பதுகளில் பெட்டி வந்தது.

பெட்டி வந்த வழி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதே மாதம் முதல் தேதி, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களில் பொதுப் பெட்டிகளை வைத்து ஓராண்டுச் சோதனை ஒளிபரப்பும் தொடங்கியது. ஆந்திராவும் கர்நாடகமும் அதில் இருந்தன. தமிழ்நாடு இல்லை. ஆகவே நம் மாநிலத்தில் தொலைக்காட்சி முதலில் கிராமத்துப் பொதுச் சொத்தாக வரவில்லை. சென்னையில் வசதியுள்ள வீடுகளின் கூடத்தில்தான் வந்து உட்கார்ந்தது.

1982 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு தொடங்கியது. வண்ணமும் அந்த ஆண்டில்தான் வந்தது. 1984இல் நாடெங்கும் சிறு ஒளிபரப்பிகளை அவசர அவசரமாக நிறுவினார்கள். நாளைக்கு ஒன்று என்ற வேகத்தில் அவை எழுந்தன. செயற்கைக்கோள் வழியாக டெல்லியிலிருந்து வருவதை வாங்கி அப்படியே சுற்றுவட்டாரத்துக்குத் தருவதுதான் அவற்றின் வேலை. ஆக, பல ஊர்களில் பெட்டி பேசிய முதல் மொழி இந்தி. பி.சி. ஜோஷி தலைமையிலான குழு கொடுத்த அறிக்கை, தொலைக்காட்சி இப்படி டெல்லியைச் சுற்றியே ஓடுவதைக் கண்டித்தது. கொடைக்கானல் உயர்சக்தி ஒளிபரப்பி வந்த பிறகே தென் மாவட்டங்களுக்குச் சென்னை நிகழ்ச்சிகள் ஓரளவு ஒழுங்காகக் கிடைத்தன.

மலைவாசிகளுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. தொலைக்காட்சி அலை நேர்க்கோட்டில் போவது. குறுக்கே மலை நின்றால் அதற்குப் பின்னால் நிழல் விழுந்துவிடும். மேட்டில் இருக்கிறவருக்குத் தொலைதூர ஒளிபரப்பியும் எட்டும். பள்ளத்தில் இருக்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதும் எட்டாது. காப்பித் தோட்டங்களின் அமைப்பைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது புரியும். பங்களா மேட்டில் இருக்கும். லயன் வீடுகள் பள்ளத்தில், ஓடையை ஒட்டி இருக்கும். அலைக்குச் சாதி தெரியாது. வீடு கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

யார் வீட்டுப் பெட்டி

சேர்வராயன் மலையில் காப்பி நுழைந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். மலையின் பூர்வகுடிகளான மலையாளி மக்கள் தங்கள் நிலத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். தோட்ட வேலைக்குச் சமவெளியிலிருந்து ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். அப்படி ஏறியவர்களில் பெரும் பகுதி நம் மக்கள்.

தோட்டத்தில் எழுத்து என்றால் என்னவென்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அலுவலகக் கணக்கு எழுதுகிறவரை ‘ரைட்டர்’ என்று அழைப்பார்கள். செக்ரோலில் நம் பெயருக்கு நேரே முழு நாளா, அரை நாளா என்று அவர் போடும் கோட்டில்தான் அந்த வார அரிசி இருக்கும். எங்கள் பிள்ளைப் பருவத்தில் ‘எழுத்தாளர்’ என்ற சொல்லுக்கு முன்பே ‘ரைட்டர்’ என்ற சொல் வந்துவிட்டது. அவர் நம்மைப் பற்றி எழுதுவார். நாம் அதன் கீழே கைநாட்டு வைப்போம். நம்மை நாமே எழுதலாம் என்ற எண்ணம் அந்த உலகத்தில் முளைப்பதற்கு இடமே இல்லை.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தது. அதன் 13ஆம் பிரிவு தொழிலாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி செய்துதர முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் விதிகளை மாநில அரசு செய்யலாம் என்றது. 14ஆம் பிரிவு பிள்ளைகளின் கல்வி வசதி பற்றியது. 1981இல் வந்த திருத்தத்தால், ஐந்து எக்டேரும் பதினைந்து தொழிலாளர்களும் உள்ள தோட்டங்கள்வரை சட்டத்தின் எல்லை விரிந்தது. ஒரு பொதுப் பெட்டி வைப்பதற்கான வழி ஏட்டில் இருந்தது. நடைமுறையில், பல தோட்டங்களில் பிள்ளைகள் பெட்டியைப் பார்த்தது ரைட்டர் வீட்டிலோ, கடைவீதியில் யாராவது ஒருவர் கடையிலோதான்.

சமவெளிக் கிராமங்களில் பிறகு பஞ்சாயத்துத் தொலைக்காட்சி அறைகள் வந்தன. சின்ன அறை, கம்பிக் கதவு, மாலையில் வந்து திறக்க ஓர் ஆள். அந்த அறையை ஊரில் கட்டுவதா, காலனியில் கட்டுவதா என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஊர்ப் பக்கம் கட்டிய அறையில் யார் முன்னால் உட்கார்ந்தார்கள், யார் கடைசியில் நின்றார்கள் என்பது எங்கேயும் பதிவாகவில்லை. பார்த்தவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது.

‘ஒண்டி’ என்றால் தனி. ‘ஒண்டுவது’ என்றால் அடுத்தவர் இடத்தில் ஓரமாக இடம் பிடித்துக்கொள்வது. நாங்கள் தொலைக்காட்சி பார்த்தது இந்த இரண்டாவது பொருளில்தான்.

ஓர் அஞ்சலட்டை

1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை டெல்லியிலிருந்து ‘ஹம் லோக்’ தொடர் ஒளிபரப்பானது. மொத்தம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூத்த நடிகர் அசோக்குமார் திரையில் தோன்றி, அன்று கதையில் நடந்ததைப் பற்றி அரை நிமிடம் பேசுவார். அது கதை இல்லை, கதையைப் பற்றிய யோசனை. ‘இவர் செய்தது சரியா? உங்கள் வீட்டில் என்றால் என்ன செய்வீர்கள்?’ என்ற தொனி. அந்தத் தொடருக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் கடிதங்கள் வந்தன. கேட்டால் மக்கள் பதில் எழுதுவார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

தமிழில் அந்த இடத்தைப் பிடித்தது சென்னை நிலையத்தின் ‘எதிரொலி’. நேயர்களின் கடிதங்களை வாசித்து, நிலைய இயக்குநர் ஏ. நடராஜன் பதில் சொல்லும் நிகழ்ச்சி. ‘ஒலியும் ஒளியும்’ பார்க்கக் கூடிய கூட்டம் இதற்குக் கூடியதில்லை. பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனால் எனக்கு அதுதான் பிடித்தது. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியாது. இப்போது யோசித்தால் தெரிகிறது. முன்பின் தெரியாத ஒருவருடைய ஊரும் பெயரும் பெட்டிக்குள்ளிருந்து ஒலிக்கும். அவர் எழுதியது முழுதாக வாசிக்கப்படும். பிறகு அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் அதற்குப் பதில் சொல்வார். எங்கள் தோட்டத்தில் கேள்விக்குக் கிடைத்ததெல்லாம் அதட்டல். கேள்விக்குப் பதில் வரும் ஓர் இடத்தை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

எண்பதுகளின் இறுதி அது. ரைட்டர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே, வாசலில் நின்று பார்ப்போம். கூடத்தில் அந்த வீட்டுக்காரர்கள். திண்ணையில் மேஸ்திரி வீட்டுப் பிள்ளைகள். வாசலில் நாங்கள். மழை வந்தால் நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று பொருள். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தை எப்படியாவது ஊகித்துக்கொள்ளலாம். பேச்சுதான் காதுக்கு எட்டாது. வாரம் ஒருநாள் அம்மாவும் வந்து நிற்பாள். கடிதம் வாசிக்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவளுக்கு ஆச்சரியம். மறுநாள் பதினைந்து காசுக்கு ஒரு கார்டு வாங்கிவரச் சொன்னாள்.

“எழுது கண்ணு. நாங்க வாசல்ல நின்னுதான் பாக்குறோம். நீங்க பேசுறது காதுல விழ மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசுங்கன்னு எழுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் சத்தமாகப் பேசினாலும் நமக்குக் கேட்காது, பெட்டியின் சத்தத்தை வீட்டுக்காரர்தான் கூட்டவேண்டும் என்று விளக்கினேன். “அப்ப அவங்க ஏன் கூட்ட மாட்டேங்கறாங்க?” என்றாள். உள்ளே இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் போதும் என்றேன். “நாம ஏன் உள்ள இல்ல?” என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வி என் மனதில் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

கார்டை எழுதி முடித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அனுப்ப வேணாம். பேரு ஊரோட வாசிச்சுட்டாங்கன்னா, இந்த வாசலும் போயிரும்” என்றாள். கார்டு ரேஷன் அட்டைக்குள் போய்ச் சேர்ந்தது.

நான் எழுதிய முதல் யோசனை எழுத்து அந்தக் கார்டுதான். தேர்வுக்காக எழுதியது இல்லை. ரைட்டர் சொல்லி எழுதியதும் இல்லை. நான்கு வரி எழுதுவதற்குள், நாங்கள் நிற்கும் இடம் எது, ஏன் அங்கே நிற்கிறோம், அதைச் சொன்னால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளையும் கடக்கவேண்டியிருந்தது. பிற்பாடு எத்தனையோ கட்டுரைகள் எழுதினாலும் இந்த மூன்று கேள்விகளுக்கு வெளியே நான் போனதாகத் தெரியவில்லை. தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் பின்னாளில் வாசித்தபோது 13ஆம் பிரிவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அம்மா ஒரு தயவைக் கேட்கிறாள் என்றுதான் அன்று நினைத்தோம். அது உரிமை என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

தூக்க மறுத்தவர்கள்

பெட்டிக்குள் நாம் யாராக இருந்தோம்? பெரும்பாலும் இல்லவே இல்லை. விதிவிலக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். பிரேம்சந்தின் ‘சத்கதி’ சிறுகதையை சத்யஜித் ராய் 1981இல் தூர்தர்ஷனுக்காகப் படமாக்கினார். தோல் வேலை செய்யும் சாதியைச் சேர்ந்த துக்கி, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கச் சொல்லி பிராமணர் வீட்டுக்குப் போகிறான். நாள் குறிப்பதற்கு முன் வேலை வாங்குகிறார்கள். காய்ச்சலும் பசியுமாக ஒரு பெரிய மரக்கட்டையைப் பிளக்கும்போது செத்து விழுகிறான். துக்கியாக ஓம் புரியும் மனைவி ஜூரியாவாக ஸ்மிதா பாட்டிலும் நடித்தார்கள். உடலை எடுத்துப்போகச் சொல்லி ஆள் அனுப்பப்படுகிறது. சேரி மக்கள் எடுக்க மறுக்கிறார்கள். கடைசியில் பிராமணரே, தொடாமல், காலில் கயிறு மாட்டி இழுத்துப்போய்ப் போடுகிறார்.

துக்கி படம் முழுவதும் ஏறக்குறைய பேசுவதே இல்லை. பார்ப்பவர் மனம் கலங்கும். ஆனால் கலங்குவதற்காக நம்மை வாய் பேசாதவர்களாகக் காட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று நம் விமர்சகர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். நான் அவர்களோடு உடன்படுகிறேன். என்றாலும் கதையில் பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உடலைத் தூக்க மறுத்த அந்தச் சேரி மக்கள். மறுப்புதான் அவர்கள் எழுதிய வாக்கியம்.

ஏழு ஆண்டுகள் கழித்து அதே மறுப்பு திரைக்கு வெளியே நடந்தது. 1987 ஜனவரியில் தொடங்கிய ராமானந்த சாகரின் ‘ராமாயணம்’ ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக்களை வெறிச்சோட வைத்தது. 1988 ஜூலையில், இராமனின் முடிசூட்டோடு அதை முடித்துக்கொள்ள ஏற்பாடாகியிருந்தது. பஞ்சாபில் ஜலந்தரின் துப்புரவுத் தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் வால்மீகி சமூகத்தவர்கள். தங்கள் முன்னோராக அவர்கள் கருதும் வால்மீகி, சீதைக்கும் அவள் பிள்ளைகளுக்கும் அடைக்கலம் கொடுக்கும் உத்தர காண்டத்தை விட்டுவிட்டுக் கதையை எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது வட இந்தியாவின் வேறு பல நகரங்களுக்கும் பரவியது. குப்பை குவிந்தது. அரசு இறங்கிவந்தது. விடுபட்ட பகுதியும் தொடராக எடுக்கப்பட்டு ஒளிபரப்பானது.

இராமாயணத்தை நீட்டிக்கச் சொல்வது விடுதலைக் கோரிக்கையா என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சம்பூகனின் தலை விழுவதும் அந்த உத்தர காண்டத்தில்தானே. நம்மைக் கட்டிவைத்த கதைக்குள்ளேயே ஓர் இருக்கை கேட்பது போதாது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கோரிக்கையின் உள்ளடக்கத்தோடு சேர்த்து அதன் வடிவத்தையும் பாருங்கள். நாடே வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு தொடரை, துடைப்பத்தைக் கீழே வைத்து, ‘இது முடியவில்லை’ என்று சொல்லும் துணிவு யாருக்கு வந்தது? பார்ப்பவர்கள் என்று யாரும் கணக்கில் வைக்காதவர்களுக்கு. அவர்கள் பார்த்ததோடு நிற்கவில்லை. பார்த்ததைப் பற்றி யோசித்திருந்தார்கள், விடுபட்டது எது என்று கண்டுபிடித்திருந்தார்கள், கூடிப் பேசியிருந்தார்கள். விமர்சனம் என்று கல்லூரியில் எதைச் சொல்லிக்கொடுக்கிறோமோ, அதை அவர்கள் தெருவில் செய்தார்கள்.

சிரிப்பு நிற்கும் இடம்

இதே ஆண்டுகளில்தான் நம் எழுத்து புதிதாகப் பிறந்தது. 1989இல் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ வந்தது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. மராத்தியத் தலித் எழுத்து நமக்கு மொழிபெயர்ப்பாக வந்து சேர்ந்தது. அம்பேத்கருக்கு 1990இல் பாரத ரத்னா வழங்கப்பட்டது. அதே ஆண்டில், அவர் முப்பதுகளில் எழுதிவைத்த ஒரு சிறு நினைவுக் குறிப்பை மக்கள் கல்விக் கழகம் தனி நூலாக வெளியிட்டது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று நாம் அழைக்கும் நூல்.

அதன் தொடக்கத்தில் 1901இல் நடந்த ஒரு பயணம் இருக்கிறது. அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் புத்தாடை அணிந்து இரயிலில் போகிறார்கள். மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். உடையைப் பார்த்துப் பரிவோடு பேசிய நிலைய அதிகாரி, சாதியைக் கேட்டறிந்ததும் விலகிக்கொள்கிறார். வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கொண்டு, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்துவர, பயணம் நடக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நேர்ந்ததை நாற்பதைக் கடந்த மனிதர் எழுதுகிறார். அவர் அங்கே அழவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லி, தீண்டாமை அதற்கு முன்பும் தெரிந்ததுதான் என்றாலும் அன்றுதான் அது தன்னை உலுக்கி யோசிக்கவைத்தது என்கிறார். யோசனை எழுத்தின் இலக்கணம் இதற்குள் அடங்கியிருக்கிறது. நேர்ந்தது ஒரு காலம், புரிந்தது ஒரு காலம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் எழுத்து நடக்கிறது.

‘கருக்கு’ நூலிலும் இதே தூரம் உண்டு. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைச் சிறுமி பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள். அவர் ஏன் அப்படித் தூக்கினார் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு போய்விடுகிறது. பாமா அந்தச் சிரிப்பை மறைக்காமல் எழுதியதுதான் அந்த இடத்தின் பலம். கோபத்தை மட்டும் எழுதியிருந்தால் நாம் ஆமோதித்திருப்போம். முதலில் சிரிப்பை எழுதியதால், அறியாமையிலிருந்து அறிவுக்கு நாமும் அவளோடு நடக்கிறோம்.

இந்த எழுத்தாளர்களைத் தொலைக்காட்சி உருவாக்கியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். என் வாதம் வாசகர்களைப் பற்றியது. ‘கருக்கு’ வந்தபோது அதைக் கையில் எடுத்த இளைஞர் கூட்டம் எங்கிருந்து வந்தது? பேச்சு மொழியில் ஒருத்தி தன்னைப் பற்றி யோசிப்பதை ‘இதுவும் எழுத்தா?’ என்று பெரிய இடங்கள் கேட்டபோது, எங்களுக்கு ஏன் அந்தச் சந்தேகம் வரவில்லை? ஊர் பேர் தெரியாதவர்களின் கடிதங்களைப் பெட்டி வாசித்துக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. சாதாரண மனிதர் தன் குறையைத் தன் வாக்கியத்தில் சொன்னால் அது சபையில் ஒலிக்கத் தகுந்தது என்பதற்குக் காது பழகியிருந்தது. திண்ணைக்குக் கீழே நின்று பழகிய அந்தக் காதுகள் ‘கருக்கு’ நூலைக் கேட்கத் தயாராக இருந்தன.

இப்போது செய்யவேண்டியது

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. ஓட்டுக்கான திட்டம் என்று கேலி பேசியவர்கள் உண்டு. அவர்களில் யாரும் அடுத்தவர் வாசலில் நின்று பார்த்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். பெட்டி வந்த நாளில் காலனி வீடுகளில் கதவைத் திறந்துவைத்துச் சத்தத்தைக் கூட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரு வரலாறு இருந்தது.

ஆனால் அத்தோடு இன்னொன்று முடிந்தும் போனது. ஆளுக்கொரு பெட்டி, பிறகு ஆளுக்கொரு கைப்பேசி. நின்று பார்த்த வாசல்களும் போய்விட்டன, அவற்றின் அவமானமும் சாட்சியில்லாமல் போகப்போகிறது. இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள் மறைந்துவிட்டால், எந்த ஊரில் யார் எங்கே நின்று பார்த்தார்கள் என்பதைச் சொல்ல ஆள் இருக்காது. தீண்டாமையின் வரலாற்றில் தேநீர்க் குவளை இருக்கிறது, கிணறு இருக்கிறது, செருப்பு இருக்கிறது. தொலைக்காட்சி வாசலும் அதில் இடம்பெற வேண்டும்.

பண்டிதரின் எழுத்து நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தபோது, ‘தமிழன்’ தொடங்கித் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கரையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததால்தான் அது நடந்தது. நம் ஆவணக் காப்பகம் எப்போதும் யாரோ ஒருவருடைய வீட்டுப் பரணில்தான் இருந்திருக்கிறது. ரேஷன் அட்டைக்குள்ளும் இருக்கலாம்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய பத்துப் பேரிடம் கேளுங்கள். முதல் தொலைக்காட்சியை எந்த வீட்டில் பார்த்தீர்கள்? அந்த வீடு யாருடையது? எங்கே உட்கார்ந்தீர்கள், அல்லது நின்றீர்கள்? உள்ளே கூப்பிட்டார்களா? தண்ணீர் கேட்டால் எதில் கொடுத்தார்கள்? கதவைச் சாத்தியது உண்டா? அன்று அதைப் பற்றி வீட்டில் என்ன பேசினீர்கள்? யாருக்காவது கடிதம் எழுத நினைத்தீர்களா? சொல்கிற சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள். பெண்களை முதலில் கேளுங்கள். நிகழ்ச்சி முடிவதற்குள் அடுப்புக்குத் திரும்பவேண்டியிருந்தவர்கள் அவர்கள். பார்த்ததைவிடப் பார்க்காமல் விட்டதை அவர்கள் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

பிறகு, கேட்டதற்குக் கீழே உங்கள் யோசனையை ஒரு பக்கம் எழுதுங்கள். கண்டனமும் வேண்டாம், முழக்கமும் வேண்டாம். கேட்கும்போது எந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்தது, எந்த இடத்தில் அது நின்றது என்று எழுதினால் போதும். ஒரு மாவட்டத்துக்கு நூறு பக்கம் சேர்ந்தாலும், இதுவரை யாரும் எழுதாத ஒரு வரலாறு நம் கையில் இருக்கும். அதை எழுதுகிறவர்கள் செக்ரோல் ரைட்டர்களாக இருக்க மாட்டார்கள்.

 ஜெய்பீம்.